மின்விசிறிகளை நிறுத்திய அதிபர்

எங்கள் அதிபரை நினைத்தால் முதலில் சுவர்ச் சுவிட்சைத் தட்டும் சத்தம்தான் காதில் விழுகிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பெண்கள் பாடசாலை. எல்லோருக்கும் அவர் பிரின்சிபல் மிஸ். நான் அங்கே கணினி ஆசிரியை. யாரோ புண்ணியவான் தந்த பழைய கணினிகளை ஒரே நேரத்தில் போட்டால், கட்டடத்தின் வயரிங் தாங்காது. மொத்தக் கரண்டும் போய்விடும். வயரிங்கை மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு மிஸ் களைத்துப்போனார். கடைசியில் தானே ஒரு வழி கண்டார். என் பாடம் தொடங்குமுன் வகுப்பு வகுப்பாகப் போய் மின்விசிறிகளை நிறுத்துவார். துறைமுகப் பக்கத்துக் காற்றும் செத்துப்போன மார்ச் மாதத்தில், சின்னப் பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

“மிஸ், இண்டைக்கும் அக்காமாருக்குக் கொம்பியூட்டரா?”

“ஓம் மகள். கொஞ்சம் பொறுங்கோ. நாளைக்கு நீங்களும் படிக்கத்தானே.”

அது வெறும் சமாதானமில்லை. உயர்தர வகுப்புகளில் எங்களிடம் கலைப் பிரிவு மட்டும்தான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்தால் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அனுமதி தரலாம் என்று வலயக் கல்விப் பணிமனையில் சொல்லியிருந்தார்கள். மிஸ் அதை அப்படியே நம்பினார். பிரிவு வந்தால் வயரிங்கும் வரும், நம் பிள்ளைகள் இங்கேயே படிப்பார்கள் என்பார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. கொழும்பிலேயே வெள்ளவத்தைப் பக்கத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். கணினி அறை முழுக்க ஏசி, ஆளுக்கொரு புதுக் கணினி. அதுவும் அரசாங்கப் பாடசாலை, இதுவும் அரசாங்கப் பாடசாலை.

பெறுபேறு நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. மிஸ் அன்று மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். அடுத்த கிழமையே பெற்றோர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டு. அந்தப் பெரிய பாடசாலை இதே பெறுபேற்றைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருந்தது. புதுப் பிரிவு தொடங்க எங்களிடம் பிள்ளைகள் மிஞ்சவில்லை.

மிஸ்ஸின் மேசையில் விடுகைப் பத்திரங்கள் கிடந்தன. வெளியே வாங்கில் உட்கார்ந்து ஒரு தாய் காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“கையெழுத்துப் போடாதேங்கோ மிஸ். இவ்வளவு பாடுபட்டது இதுக்கே?”

மிஸ் என்னைப் பார்க்காமலே பேனையைத் திறந்தார்.

“அந்தப் பிள்ளையின்ர அம்மா நானெண்டா, டீச்சர், நானும் இதைக் கேட்டுத்தான் வந்து நிப்பன்.”

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாயை உள்ளே கூப்பிடச் சொன்னார்.