இட்லிக்கு இருந்த அக்கவுண்ட்

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, மூட்டை கட்டும் இயந்திரங்களுக்கு மூளை செய்கிறது. மாவு மில்லிலும் தீவன ஆலையிலும் எடை பார்த்துச் சாக்கில் கொட்டி, சரியான கிராமில் நிறுத்த ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். எழுதியதெல்லாம் ஒரு கிடங்கில் பதிவாகும். ரெப்போ என்போம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை அது மறக்கவே மறக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர்.

ஆனால் மேலதிகாரிகள் ரெப்போவை நேரே பார்ப்பதில்லை. அது கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. பார்த்தால் அவர்களுக்குக் கண் கூசும். வேலைப் பட்டியல், கெடு தேதி, ஆளின் போட்டோ, வண்ண வண்ணக் கட்டம் எல்லாம் காட்டும் ஒரு டூல் இருக்கிறது. ரெப்போவை அதோடு இணைத்துவிட்டால் எல்லாம் அழகாகத் தெரியும். இணைப்பது, துண்டிப்பது, யார் உள்ளே வரலாம் என்று டிக் போடுவது, இதற்கெல்லாம் நிர்வாகி நான். இந்தப் பதவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனாலும் கோயில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது வேறு பெரிய வேலையும் இல்லை.

எங்கள் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் கண்ணால் பார்ப்பதைக்கூட நம்ப மாட்டார், ஸ்கிரீன் சொல்ல வேண்டும். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலைப் பார்க்காமல் மொபைலைப் பார்ப்பார். "டூல்ல இல்லைன்னா அது நடக்கவே இல்லைவே" என்பது அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் ஒப்பந்த ஊழியர். காவேரிப்பட்டினத்துப் பெண். டிப்ளமோ படித்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், ஏறக்குறைய என் வயது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால் கிருஷ்ணகிரி வந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம். சாயங்காலமும் அதே கதை. நிரந்தரமானால் ஓசூரிலேயே வீடு பார்த்துப் பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், அவர் மறுபடியும் ஐந்தரை மணிக்குக் கிளம்புவார்.

ஒப்பந்த ஊழியருக்குக் கம்பெனி மெயில் ஐடி கிடையாது. மெயில் ஐடி இல்லாததால் டூலில் அக்கவுண்ட்டும் கிடையாது. வேலை மட்டும் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் இருந்த நான்காம் நம்பர் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தானே அடித்து வைத்துக்கொண்டு, கருப்புத் திரையிலிருந்தே கமிட் செய்வார். டூலுக்கு அந்தப் பெயர் யாரென்று தெரியாது. அதனால் எங்கள் கமிட் எல்லாம் போட்டோவும் வண்ணமுமாகத் தெரிய, அவருடையது மட்டும் சாம்பல் நிறத்தில், முகமில்லாத வட்டத்தோடு கிடக்கும்.

ஒருநாள் புனேயிலிருந்து வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. மேனேஜர் ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னவே இது, சாம்பலா? பேய் வந்து வேலை பார்த்த மாதிரில்லா இருக்கு! அவங்க வர்றதுக்குள்ள சரி பண்ணும்."

டூலின் செட்டிங்ஸில் அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. இடது பக்கம் ரெப்போவில் உள்ள பெயர். வலது பக்கம் ஒரு பட்டியல். அதில் டூலுக்குத் தெரிந்த ஆட்களில் இவர் யார் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் எப்படி இருக்கும்? அக்கவுண்ட்டே இல்லையே. கம்பெனி பஸ் கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது. அகர வரிசையில் முதலில் நின்றது என் பெயர். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது முதல் ஆளாகக் கத்தி மாட்டிக்கொண்டதைத் தவிர அந்தப் பெயரால் எனக்கு அதுவரை ஒரு லாபமும் இருந்ததில்லை. அதை அழுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்ததாகத்தான் ஞாபகம்.

நாளைக்கு என்ன நடந்தது என்றால், என் பக்கம் பச்சைப் பசேலென்று விளைந்திருந்தது. அந்த அம்மா இரண்டரை வருடமாகச் செய்த வேலை முழுவதும் என் போட்டோவுடன் வரிசையாக நின்றது. நான்கூட என்னை அப்படி ஓர் உழைப்பாளியாகப் பார்த்ததில்லை. புனேக்காரர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மேனேஜர் என் தோளில் தட்டினார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தேன் என்று எழுதினால் அது பொய். தட்டிய தோள் கொஞ்சம் சுகமாக இருந்தது. பிறகு வாரம் ஓட, மாதம் ஓட, சொல்வதற்கான நேரம் கடந்துவிட்டதாக எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அடுத்த காலாண்டில் 'சிறந்த பங்களிப்பாளர்' என்று பெயர் அறிவித்து ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். மூன்று அடுக்கு, சிவப்பு நிறம். கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நான்காம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து எழுந்து நின்று அவரும் தட்டினார். அவர்தான் கொஞ்சம் பலமாகத் தட்டினார் என்று எனக்குத் தோன்றியது.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், திங்கக்கெழம கமிட்டி வெச்சிருக்காங்க. நெரந்தரம் பண்றாங்களா இல்லியான்னு அன்னிக்கே சொல்லிருவாங்களாம். இனிமே ரின்யூவல் கெடையாதுங்களாம் சார், ஒண்ணு உள்ள, இல்லன்னா வெளிய."

"நல்லதுதானே மேடம். உங்களுக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?"

"டூல்ல நான் பண்ண வேலைய எடுத்து ஸ்கிரீன்ல காட்டணும்னு எச்.ஆர்.ல சொன்னாங்க. எனக்குத்தான் அதுல அக்கவுண்ட்டு இல்லியே. நீங்கதான் கொஞ்சம் எடுத்துக் குடுக்கணும் சார்."

டூலின் தேடல் கட்டத்தில் அவர் பெயரை அடித்தேன். 'எதுவும் இல்லை' என்று வந்தது. அவர் அதைப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, நெட்வொர்க் ஸ்லோவாக இருக்கிறது, நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார். ஸ்கிரீன் சொல்வதை மட்டும் நம்பும் மேனேஜர், திங்கட்கிழமை ஸ்கிரீனைப் பார்த்து, இந்தப் பெண் இத்தனை வருடமும் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று முடிவு கட்டுவார். அதற்குக் காரணம் நான்.

திருத்துவது எளிது என்றுதான் நினைத்தேன். அவர் பெயரில் ஓர் அக்கவுண்ட் திறந்து, பட்டியலில் என்னை எடுத்துவிட்டு அவரைப் போட்டால் போதும். ஆனால் நான் ரெப்போவுக்குத்தான் நிர்வாகி. புது அக்கவுண்ட் திறக்கும் உரிமை கம்ப்யூட்டர் பிரிவுக்காரரிடம் இருந்தது. அவர் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசுவார். முடியாது என்பதை மட்டும் கன்னடத்தில்தான் சொல்வார். முடியும் என்பதை அவர் எந்த மொழியிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஆகல்லா சார். மெயில் ஐடி இல்லாம அக்கவுண்ட்டு ஆகல்லா. பர்மனென்ட் ஆர்டர் எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, அரை மணில பண்ணிக் குடுக்கறேன்."

"அக்கவுண்ட் இருந்தாத்தான் சார் பர்மனென்ட்டே ஆக முடியும்!"

"அப்போ கஷ்டா" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு.

வெள்ளிக்கிழமை முழுவதும் பட்டியலைத் திறந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதில் எட்டுப் பெயர், மேனேஜர், டைரக்டர். அவற்றுக்கு நடுவே ஒன்று கிடந்தது: கேன்டீன். முன்பு ஒரு காலத்தில் சாப்பாட்டுப் புகார்களையும் டூலிலேயே பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கேன்டீனுக்கு மெயில் ஐடியும் அக்கவுண்ட்டும் கொடுத்திருந்தார்கள். முதல் வாரமே சாம்பாரைப் பற்றி நாற்பது புகார் வந்து குவிந்ததில் அந்தத் திட்டம் படுத்துவிட்டது. அக்கவுண்ட் மட்டும் உயிரோடு இருந்தது. பாஸ்வேர்ட் என்னிடம்தான். உள்ளே நுழைந்தால் காட்டும் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மதியம் கேன்டீனாக உள்ளே நுழைந்து, பெயரை அழித்து, அவர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். வெளியே வந்து, நானாக நுழைந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பெயரை எடுத்து அவர் பெயரை வைத்துச் சேமித்தேன். ஒரே அழுத்து. எட்டு மாதமாக என் பக்கத்தில் நின்ற பயிரெல்லாம் எழுந்து அவர் பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கமிட்டி. டைரக்டர், எச்.ஆர். அம்மையார், எங்கள் மேனேஜர். டூலைக் காட்டுவதற்காக நான். எதிரே நாற்காலி நுனியில் அவர். பெரிய திரையில் அவர் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஓடியது. கரண்ட் போய் வந்தால் பெட்டி பழைய எடையை மறந்து இரண்டு மூட்டை மாவை ஒரே சாக்கில் கொட்டும் கோளாறு ஒன்று எங்களை வெகுநாள் பாடாய்ப் படுத்தியது. அதைத் தீர்த்த கமிட் முதலில் நின்றது. டைரக்டர் முன்னால் குனிந்தார்.

"வேலை நல்லா இருக்கு. ஆனா போட்டோல ஏன் இட்லி?"

பெயரை மாற்றியவன் படத்தை மறந்திருந்தேன். ஒவ்வொரு கமிட்டின் பக்கத்திலும் வட்டத்துக்குள் ஆவி பறக்கும் ஓர் இட்லி.

எச்.ஆர். அம்மையார், ஒப்பந்த ஊழியருக்கு அக்கவுண்ட்டே கிடையாதே, இது எப்படி வந்தது என்றார். கேன்டீன் கதையைச் சொன்னேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ, நம்ம கம்பெனில இட்லிக்கு அக்கவுண்ட் இருக்கு. வேலை செய்யற ஆளுக்கு இல்லை."

தப்பித்தேன் என்று நினைத்த நேரத்தில் மேனேஜர் அந்த எடைக் கோளாறு வரியை விரலால் தொட்டார்.

"இரும்வே. இது உம்ம பேர்ல இருந்ததுல்லா? இதுக்குத்தானே ஹாட்பாக்ஸ் கொடுத்தோம்?"

வேறு வழியில்லை. "நான்தான் சார் மாத்தி வெச்சிருந்தேன். இது எல்லாமே இவங்க செஞ்சது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்" என்றேன்.

"அப்ப உம்மது எங்க? தொறயும்."

திறந்தேன். பதினொன்று. மூன்று வருடத்தில் பதினொன்று. முதலாவது, 'டெஸ்ட்'. இரண்டாவது, 'மறுபடியும் டெஸ்ட்'. மூன்றாவது, 'இதைக் கண்டுகொள்ள வேண்டாம்'. ஏழாவதில் ஒரு வரியின் கடைசியில் இருந்த வெற்றிடம் ஒன்றை நீக்கியிருந்தேன். டைரக்டர் இருமுவதுபோலச் சிரித்தார்.

மேனேஜர் நாற்காலி நுனியில் இருந்தவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு இது தெரியாதா? இவரு பேர்ல இருந்தது?"

"எனக்கு அக்கவுண்ட்டு இல்லீங்களே சார், எங்க பாக்கறது? தெனமும் கருப்பு ஸ்கிரீன்லதாங்க பாத்துக்கினு இருந்தேன். அதுல என் பேருதான் வரும். சார் பேரு வரவே வராது." என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சமும் குத்தல் இல்லாமல் சொன்னார்: "சாரு வேற ஏதோ பெரிய வேலையில இருக்காருன்னு நெனச்சுக்கினேங்க."

அன்றே அவருக்கு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் சொன்னபடி அரை மணியில் மெயில் ஐடி கொடுத்தார். அடுத்த மாதம் பாகலூர் ரோட்டில் வீடு பார்த்துக் குடிவந்துவிட்டார்கள். ஹாட்பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். "எங்க வூட்ல ஏற்கெனவே மூணு கெடக்குதுங்க சார்" என்று திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது அது பிரின்டர் மேல் இருக்கிறது. முதல் அடுக்கில் ஸ்டேப்ளர் பின் போட்டு வைத்திருக்கிறோம்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ரெப்போ நிர்வாகி உரிமையை அந்த அம்மாவுக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதற்கான டிக்கை நானே போட்டேன்.

போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், அந்தப் பேரு சேக்கற பக்கத்துல உங்க பழைய லேப்டாப் பேரு ஒண்ணு அடியில யாரு கண்ணுலயும் படாம சாம்பலா கெடந்துச்சுங்க. மூணு கமிட்டு. உங்க பேருல சேத்து வுட்டுட்டேன். இப்ப பதினாலு."

"எப்ப பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"இப்பதாங்க. பாத்த ஒடனே மாத்திட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். பதினான்கு என்றுதான் இருந்தது. புதிதாக வந்த மூன்றில் இரண்டு 'டெஸ்ட்'.