ரெய்னர்ஸ் லேனில் ஒரே பூசை, இரண்டு பக்கம்

அலுவலகப் பயிற்சிக்காக நவம்பரில் ஒரு வாரம் லண்டன் போயிருந்தேன். நவம்பரில் அங்கே போக நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழை கொட்டவும் செய்யாது, நிற்கவும் செய்யாது, அழுது வடிந்துகொண்டே இருக்கும். தூத்துக்குடி வெயிலைத் திட்டிய வாய்க்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன். இலங்கையில் சிங்களவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள், தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பீடத்தின் முன்னால் மண்டியிடுவது என்றால் அது கிறிஸ்தவக் கோயிலில்தான். லண்டனில் அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து, நாட்டின் ஒற்றுமைக்காகப் பூசை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் குஷியாகிவிட்டேன். ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பற்றி எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? விமானத்திலேயே தலைப்புகூட யோசித்துவிட்டேன். ‘ஒரே விசுவாசம், ஒரே நாடு’. நல்லவேளை, அதைப் போடவில்லை.

தங்கியது கோலியர்ஸ் வுட்டில், ஜெசிந்தா அக்கா வீட்டு மாடி அறையில். இரவுக்கு நாற்பது பவுண்டு, காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அதில் அடக்கம். அக்கா மன்னார்க்காரர். போர் முடிந்தபின் பிரான்சுக்குப் போய், எட்டு வருடம் அங்கே ஹோட்டல் அறைகளைத் துடைத்துவிட்டு, மகள் குடும்பத்தோடு லண்டன் வந்தவர். அந்தப் பூசையில் தமிழ் மன்றாட்டை, அதாவது எல்லோர் சார்பிலும் சொல்லும் வேண்டுதலை, வாசிக்கப்போவதே அவர்தான் என்று தெரிந்தபோது, அதிர்ஷ்டம் வீடு தேடி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. பூசைக் கமிட்டியின் தமிழ்ப் பொறுப்பாளர் றொபேட். அக்கா சமையல் செய்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அக்கா, குடுத்ததை மட்டும் வாசியுங்கோ. நாட்டின்ர ஒற்றுமைக்காக எண்டு இருக்குத்தானே, அது காணும். அஞ்சு வரியமாக் கெஞ்சிச் சேர்த்த பூசை. ஒரு வசனத்தைச் சேர்த்துக் குழப்பிப்போடாதேங்கோ.”

“யோசிக்கிறன்” என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

என்ன வசனம் என்பதை மறுநாள் ரயிலில்தான் சொன்னார். கோயில் இருக்கும் ரெய்னர்ஸ் லேனுக்குக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து கிங்ஸ் கிராஸ் போய் மாற வேண்டும், மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும், முதல் நாளே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஈரக் குடைகளின் வாடை நிரம்பிய பெட்டியில் அக்கா தாழ்ந்த குரலில் பேசினார்.

“என்ர மகன் நிக்சன் சண்டையின்ர கடைசி நாளில ஆமியிட்ட சரணடைஞ்சவன், பிள்ளை. பஸ்ஸில ஏத்தினதை நான் கண்டனான். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நவம்பரில எல்லாரும் செத்தவைக்குப் பூசை ஒப்புக்குடுப்பினம், மெழுகுதிரி கொளுத்துவினம். நான் என்ன செய்ய? கொளுத்தினா அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. மன்றாட்டிலதான் அவனுக்கு இடமிருக்கு. அதையும் விடு எண்டு றொபேட் சொல்லுறான். நிக்சன்ர ஞானத்தகப்பனே அவன்தான்.”

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ரெய்னர்ஸ் லேனில் இறங்கி, கறிவேப்பிலை விற்கும் கடைகளைத் தாண்டிப் பத்து நிமிட நடை. பூசை மூன்று மணிக்கு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது நடுப்பாதைதான். யாரும் பிரிக்கவில்லை, ஆனாலும் வலப்பக்கம் முழுக்கத் தமிழர்கள், இடப்பக்கம் முழுக்கச் சிங்களவர்கள். அக்கா வாசிப்பவர்களோடு முன்னால் போய்விட்டார். இடப்பக்கத்தில்தான் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தேன்.

ஒரே மெட்டில் இரண்டு மொழியிலும் பாடினார்கள். நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். சாமியார் ஆங்கிலத்தில் பிரசங்கம் வைத்தார். மொழி நம்மைப் பிரித்தது, இனம் பிரித்தது, பூசையில் பகிரும் இந்த அப்பம் ஒன்றுதான் நம்மை ஒரே நாட்டு மக்களாக்குகிறது என்றார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

பிறகு மன்றாட்டு. சிங்களத்தில் இரண்டு முடிந்து, ஜெசிந்தா அக்கா ஒலிபெருக்கி முன்னால் வந்தார். கொடுத்ததை ஒரு சொல் விடாமல் வாசித்தார். இரண்டு பக்கமும் அவரவர் மொழியில் பதில் சொல்லி முடித்தார்கள். அவர் இறங்கவில்லை.

“போரின் கடைசி நாளில் சரணடைந்து, இன்னும் வீடு திரும்பாத என் மகன் அந்தோனி நிக்சனுக்காகவும், அவனைப் போன்ற எல்லோருக்காகவும் ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

என்னைச் சுற்றியிருந்த சிங்களவர்கள், அவர் நிறுத்திய இடம் பார்த்து, வழக்கம்போலச் சத்தமாகப் பதில் சொன்னார்கள். அவர்கள் நடுவில் நானும் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றேன். வலப்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். றொபேட் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பயமா, கூச்சமா, ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பா, எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது, கோபமும்தான்.

பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் என்ன கேட்டார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். சொன்னேன்.

“நாங்கள் பதில் சொல்லிவிட்டோமே” என்றார்.

வருத்தமா ஆறுதலா என்று எனக்குப் பிடிபடவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்குக் கைகூப்பினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர், மீன் ரோல், பாற்சோறு. எல்லாம் இலவசம். றொபேட் ஒரு தட்டில் எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார்.

“அடுத்த முறை மன்றாட்டு எல்லாத்தையும் இங்கிலிசிலயே வைப்பம் அக்கா. ரெண்டு பக்கமும் விளங்கும்.”

“விளங்கின பக்கம் வாய் திறக்கேல்லையே, றொபேட்” என்றார் அக்கா.

றொபேட் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பும் ரயிலில் அக்கா தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

விசுவாசம் ஒரு நாட்டை ஒன்றாக்கும் என்று இப்போதும் நம்பத்தான் ஆசைப்படுகிறேன். ஒரு தாய் தன் மகன் பெயரைச் சொன்னாலே கலைந்துவிடும் என்று பயப்படுகிற ஒற்றுமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: போகவர ரயிலுக்குப் பத்துப் பவுண்டு போதும், மிச்சமே வரும். குடையோடு கம்பளிக் கையுறையும் வேண்டும், கோயிலுக்குள் குளிர்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் தயவுசெய்து வலப்பக்கம் உட்காருங்கள். பையனின் பெயர் அந்தோனி நிக்சன். அடுத்த வருடம் அதை யாரும் வாசிக்காமல் போனாலும், மன்றாட்டு நேரத்தில் நீங்கள் அவனுக்காக வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில்தான் ஆள் தேவைப்படுகிறது.