நாலாவது மெட்டில் பொங்கிய பால்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏதாவது படகின் இஞ்சின் கிளம்ப மறுத்தால் சிங்காரத்துக்கு ஆள் போகும். அவர் உடனே வந்துவிடுவார். ஆனால் வந்தவுடன் ஸ்பானரை எடுக்கமாட்டார். இஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு, சூடு ஆறும்வரை படகின் முனையில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருக்கும் புல்லாங்குழலை எடுப்பார். படகுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"ஏம்பா, இஞ்சினுக்கு வைத்தியம் பாக்க வந்தியா, தாலாட்டு பாட வந்தியா?"

"சூட்டுல நீ வேணா கைய வையி. நான் வாசிக்காம வேடிக்கை பாக்குறேன்."

அந்தக் குழல் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் பலூன்காரனிடம் வாங்கியது. அவர் வாசித்ததெல்லாம் செடல் திருவிழாவிலும் காவடியிலும் வலை இழுக்கும்போதும் காதில் விழுந்த மெட்டுகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் நிறுத்தவும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி மகேஸ்வரி மட்டும் அவ்வப்போது நிறுத்தச் சொல்வாள்.

அந்த மெட்டுகள் கடல் கடந்து விற்பனைக்குப் போனதற்குக் காரணம் மகேஸ்வரியின் தம்பி ஜெயப்பிரகாஷ். சிதம்பரம் கீழவீதியில் அவனுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் அங்கேயே முடித்துக் கொடுப்பான். ஊரில் எந்தக் காரியத்தைப் பற்றிப் பேசினாலும் அதன் முன்னால் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வது அவன் வழக்கம். ஒருநாள் மாமாவின் கையில் ஒரு காலர் மைக்கைக் கொடுத்து, "வீட்டுலயே உக்காந்து ஏழு மெட்டு பதிவு பண்ணி அனுப்பு மாமா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

சிங்காரம் பதிவு செய்தார். நாலாவது மெட்டு நடுவில் இருக்கும்போது, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மகேஸ்வரி கத்தினாள்:

"யோவ், பாலு பொங்குதுய்யா! அடுப்ப அணைச்சிட்டு வந்து வாசி. ஒலகம் எங்கியும் ஓடிப்போயிடாது!"

குழல் நின்றது. காலடிச் சத்தம், அடுப்புக் குமிழ் திரும்பும் சத்தம், பிறகு அவள் சிரிப்பு. மெட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அன்று சிங்காரம் அதை இன்னொரு முறை வாசித்துப் பதிவு செய்திருக்கலாம். சோம்பல். விட்டுவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மகேஸ்வரி நெஞ்சு வலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு சிங்காரம் வீட்டிலிருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மகேஸ்வரி எல்லாவற்றிலும் இருந்தாள். பேசினாள், அதட்டினாள், யாருக்கோ பாயசம் ஊற்றியபடி எதையோ சொல்லிச் சிரித்தாள். ஆனால் வாய்தான் அசைந்தது. வீடியோ எடுத்தது ஜெயப்பிரகாஷ் என்பதால் எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பாட்டு போடாம ராவா வுட்டா டல்லா இருக்கும் மாமா" என்பது அவன் தொழில் கொள்கை. ஆக அவள் குரல் மிச்சம் இருந்த ஒரே இடம் நாலாவது மெட்டு. அது சிங்காரத்தின் போனில் இருந்தது. அவருடைய முந்தைய இரண்டு போன்கள் துறைமுகத் தண்ணீரில் இருந்தன.

அதனால்தான், வடக்கே குளிர் நாட்டிலிருந்து ஒரு கம்பெனி அந்த ஏழு மெட்டையும் கறுப்பு இசைத்தட்டாகப் போட்டு ஆறு நாட்டில் விற்க ஒத்துக்கொண்டது என்று ஜெயப்பிரகாஷ் வந்து குதித்தபோது, சிங்காரமும் முதல்முறையாக உலக வியாபாரத்தில் அக்கறை காட்டினார். ஆறு நாட்டில் இருந்தால் ஒரு நாட்டிலாவது தண்ணீரில் விழாமல் இருக்கும் அல்லவா?

கம்பெனிக்கு நிறையச் சந்தேகங்கள் இருந்தன. குழல் எந்தப் புனித வனத்து மூங்கில் என்று கேட்டார்கள். பலூன்காரன் எந்த வனத்தில் வெட்டினானோ, ஜெயப்பிரகாஷ் 'பிச்சாவரம்' என்று எழுதினான். மெட்டுகளின் பெயர் கேட்டார்கள். 'டீசல் போட வரிசையில் நின்றபோது வாசித்தது' என்று சிங்காரம் சொன்னது, அங்கே போய்ச் சேர்ந்தபோது 'அலைகளின் காத்திருப்பு' ஆகியிருந்தது. பிறகு புகைப்படம் கேட்டார்கள். அவர் வேலை பார்க்கும் இடத்தில் எடுத்து அனுப்பியதைத் திருப்பிவிட்டார்கள். கையில் கிரீஸ் இருக்கிறதாம், பின்னால் இஞ்சின் தெரிகிறதாம், மேலே சட்டை வேறு போட்டிருக்கிறாராம்.

ஆகவே பிச்சாவரம் பக்கத்திலுள்ள கிள்ளைக்குப் போய் ஒரு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து, சிங்காரத்தின் சட்டையைக் கழற்றி, சுரபுன்னைக் காட்டுக்குள் உட்காரவைத்தார்கள்.

"கண்ண மூடிக்க மாமா. ஆழமா இருக்கற மாதிரி."

"கொசு கடிக்குது மச்சான்."

"கடிக்கட்டும். மூஞ்சில ஒரு சோகம் வருது, அப்பிடியே இரு."

படம் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே ஒரு குறைதான் என்று எழுதினார்கள். நாலாவது மெட்டின் நடுவில் ஒரு பெண் கூச்சலிடுகிறாள், வீட்டுச் சத்தமும் கேட்கிறது, அதை நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று.

சிங்காரம் அந்தச் சுத்தமான மெட்டைக் கேட்டார். பொங்கிய பாலைத் துடைத்த மாதிரி துடைத்திருந்தார்கள்.

"அந்தச் சத்தம் இருக்கட்டும் மச்சான்."

"எந்தச் சத்தம்? யாரோ பக்கத்து வூட்டுப் பொம்பள கத்துறதா? ஆறு நாடு மாமா! ஆறு நாடு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

"நீ ஒருதரம் கேட்டுப் பாரு."

"கேட்டுடறேன், கேட்டுடறேன். டைம் எங்க இருக்கு?"

அவன் அந்த ஏழு மெட்டில் ஒன்றையும் கேட்டதில்லை என்பது சிங்காரத்துக்கு அப்போதுதான் புரிந்தது. உறை அளந்தான், பெயர் மாற்றினான், எந்த நாட்டில் எத்தனை தட்டு என்று பேசினான். வாசிப்பைக் கேட்க அவனுக்கு அவசியம் ஏற்படவில்லை. அது உங்கக்கா குரல்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் மகேஸ்வரி போனதிலிருந்து அவள் பெயர் சிங்காரத்தின் வாயில் வந்து நின்றுவிடும், வெளியே வராது. "கேட்டுப் பாரு" என்பதை மட்டும் போனில் தினமும் சொன்னார். அவன் தினமும் "கேட்டுடறேன்" என்றான்.

இதற்கிடையில் வெளியீட்டு விளம்பரத்துக்கு ஜெயப்பிரகாஷே ஃப்ளெக்ஸ் வடிவமைத்தான். அவன் கடையில் பத்தில் எட்டு ஃப்ளெக்ஸ் இறந்துபோனவர்களுக்கானது. அவசரத்தில் முந்தின நாள் ஒரு பெரியவருக்குச் செய்த பேனரையே திறந்து, பெரியவரை எடுத்துவிட்டு மாமாவை வைத்தான். நீலவானம், மேகம், நடுவில் முட்டை வடிவத்தில் சட்டையில்லாமல் கண்மூடிய சிங்காரம். குழல் அந்த வடிவத்துக்குள் அடங்காததால் வெட்டுப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தேதி. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், உலகமெங்கும் வெளியீடு என்ற விவரம்.

பொடி எழுத்தை யார் படிப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை விடிகாலை முதுநகரில் பேனர் கட்டியாயிற்று. காலையில் சிங்காரம் குளித்துவிட்டு இட்லியில் கை வைக்கும்போது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

"என் ராசா, இஞ்சினு எல்லாம் அனாதையாப் போச்சே!"

மீன் விற்கும் ராமாமிர்தம். மகேஸ்வரியோடு ஏலத்தில் ஒன்றாக உட்கார்ந்தவள். தலைவிரிகோலமாக வாசலுக்கு வந்தவள், இட்லித் தட்டோடு நின்ற சிங்காரத்தைப் பார்த்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். அதன்பிறகுதான் கோபம் வந்தது.

"ஏம்பா, உசுரோட இருந்துகிட்டு எதுக்கு பேனர் கட்டுற? பாதி யாவாரத்த வுட்டுட்டு ஓடி வரேன்!"

அதற்குள் பின்னால் நாலு மாலை வந்துவிட்டது. படகுக்காரர்கள் வந்துவிட்டார்கள். சிங்காரத்திடம் இஞ்சின் கொடுத்திருந்த ஒருவர், "என் இஞ்சின எந்த நெலமைல வச்சிட்டுப் போனானோ" என்று அழுதபடி வந்தார். உயிரோடு பார்த்ததும், எப்போது முடியும் என்று கேட்டார். மைக்செட் காத்தவராயன், யாரும் சொல்லாமலே, குட்டியானை வண்டியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியே விட்டான்.

சிதம்பரத்திலிருந்து பேனரைப் பார்க்க ஜரிகை வேட்டியோடு வந்து இறங்கிய ஜெயப்பிரகாஷுக்கு மாலைகளைப் பார்த்ததும் பூரிப்பு.

"பாத்தியா மாமா, எவ்ளோ ரெஸ்பான்ஸ்!"

"மச்சான், இது எனக்கு வந்த சாவுக் கூட்டம்."

காத்தவராயன் குறுக்கே வந்தான். "அண்ணே, எறக்குன செட்ட சத்தம் இல்லாம ஏத்துனா எனக்கு அபசகுனம். ஏதாவது போடுங்க."

சிங்காரம் தட்டைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துக் கொடுத்தார். "நாலாவது போடு."

குழல் தெரு முழுவதும் நிறைந்தது. கூட்டம் மாலையும் கையுமாக நின்று கேட்டது. துறைமுகத்தில் எரிச்சலோடு கேட்ட மெட்டுதான், ஆனால் ஸ்பீக்கரில் வந்தால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஜெயப்பிரகாஷ் ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக, கம்பெனிக்குச் சம்மதக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், பாலு பொங்குதுய்யா!"

மகேஸ்வரி வழக்கத்தைவிடப் பெரிய குரலில், இரண்டு ஸ்பீக்கரிலும் கத்தினாள். "அடுப்ப அணைச்சிட்டு வந்து வாசி. ஒலகம் எங்கியும் ஓடிப்போயிடாது!"

கூட்டத்தில் யாரோ தன்னையறியாமல் வீட்டுக்குள் அடுப்பை எட்டிப் பார்த்தார். ராமாமிர்தம் "மகேசு" என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். மகேஸ்வரியின் சிரிப்பு தெருவைக் கடந்து போனது, குழல் மறுபடி தொடங்கியது.

ஜெயப்பிரகாஷின் டீ ஜரிகை வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது.

"மாமா... இது அக்கா."

"கேட்டுப் பாருன்னு சொன்னேனே."

"பேர சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

ஜெயப்பிரகாஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டியதை அழித்தான். கூச்சல் இருந்தால் இசைத்தட்டு உண்டு, இல்லாவிட்டால் ஆறு நாடும் வேண்டாம் என்று எழுதினான். இன்டர்நேஷனல் என்ற வார்த்தை இல்லாமல் அவன் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

கம்பெனி இரண்டு நாள் யோசித்தது. பிறகு ஒத்துக்கொண்டது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். பால் பொங்குகிறது, அடுப்பை அணை என்கிறாள் என்று இவன் உள்ளதை எழுதினான். நாலாவது மெட்டுக்கு அவர்கள் 'பாலுக்கும் நெருப்புக்குமான ஆதிப் பிரார்த்தனை' என்று பெயர் வைத்தார்கள். சிங்காரம் அதை ஆட்சேபிக்கவில்லை. குரல் இருந்தது.

தட்டு வெளியாகிச் சில வாரம் கழித்து ஜெயப்பிரகாஷ் துறைமுகத்துக்கே தேடி வந்தான். சிங்காரம் இஞ்சினுக்குள் தலையைக் கொடுத்திருந்தார்.

"மாமா, ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. தட்டு வாங்குனவரு. குழலப் பத்தி ஒண்ணும் கேக்கல. அந்தப் பாலு என்ன ஆச்சின்னு கேக்குறாரு."

சிங்காரம் தலையை வெளியே எடுத்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"கொஞ்சம் வழிஞ்சிடுச்சின்னு எழுது" என்றார். "மீதியில மகேசு டீ போட்டா. ரெண்டு பேரும் குடிச்சோம்."