அரிசிப் பானைக்குப் போகாத அம்மன்

இந்தத் தை மாதம் என் மருமகள் கயல்விழிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. காஞ்சிபுரம் போய் நானே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். என்ன சொன்னேன் தெரியுமா?

"அரிசிப் பானையில வைக்க வேண்டிய அம்மன ஷோகேஸ்ல வெச்ச இல்ல? இப்ப இன்னா ஆச்சு பாரு."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நரம்பில்லாத நாக்கு, பேசிவிட்டது.

அம்மனை நம்புகிற சகோதரிகளே, நான் மானாம்பதி சரோஜா. எங்கள் வீட்டு வரலட்சுமிக்கு வெள்ளி முகம். கல்யாணமான முதல் வருஷம் என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. அவர் தறி நெய்தவர். கிரீடம், ஜடை, ஒட்டியாணம், கல் வைத்த கைகள் என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பு முடிந்து சனிக்கிழமை அம்மனை அரிசிப் பானைக்குள் வைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் அரிசி குறையாது என்பார்கள். பிறகு முகத்தையும் நகைகளையும் துடைத்துப் பெட்டியில் வைத்தால் அடுத்த நோன்புக்குத்தான் எடுப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து நோன்பைக் கயல்தான் எடுக்கிறாள். அன்றைக்கு நான் கூடத்துக்கே வருவதில்லை. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டு சமையல்கட்டிலேயே இருந்துவிடுவேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. பொட்டு இழந்தவள் அம்மன் எதிரில் நிற்கக் கூடாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் அம்மனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வருஷ நோன்புக்குக் கயல் செய்த அலங்காரத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. புடவை மடிப்பு ஒவ்வொன்றும் விசிறி போல நின்றதாம். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். சனிக்கிழமை அம்மனைப் பானைக்குள் வைக்காமல், நகை, புடவை எதையும் கழற்றாமல், அப்படியே கூடத்து ஷோகேஸில் வைத்து ஒரு சின்ன பல்பும் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும், இது நல்லதுக்கில்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்த விஷத்தைத்தான் ஆஸ்பத்திரியில் கக்கினேன்.

மூன்றாம் நாள் கயலுக்குக் காய்ச்சல் ஏறியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே அவளைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். என் மகன் சரவணன் அதுவரை என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அப்போதுதான் மெதுவாகச் சொன்னான்.

"நீ வூட்டுக்குப் போம்மா. அவ கண்ணத் தொறந்தா உன்னப் பாக்க வேணாம்."

என் வயிற்றில் பிறந்தவன் சொன்னது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் திருமுக்கூடல் பாலம் வந்ததுகூடத் தெரியாமல் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஷோகேஸைத் திறந்தேன். அம்மனை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்றுதான் என் புத்தி போனது. இரண்டு கையாலும் தூக்கினேன். மூன்று வருஷம் கழித்து அந்த முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்தேன். பச்சைப் பிள்ளையைத் தூக்கின மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முகமா ஒரு சிசுவின் உயிரை எடுத்திருக்கும்? என்ன பேச்சு பேசிவிட்டேன்!

"தாயே, உன் பேரச் சொல்லி நான்தான் என் மருமகள வார்த்தையாலயே கொன்னுட்டேன். அவ கண்ணத் தொறக்கட்டும். எல்லார் எதிர்லயும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

மாமியார்களே, மண்சோறு சாப்பிடுகிறேன் என்று வேண்டிக்கொள்வது சுலபம். இது எவ்வளவு கஷ்டமான வேண்டுதல் என்று உங்களுக்குத் தெரியும். அம்மனைத் திரும்ப ஷோகேஸிலேயே வைத்தேன். அன்னம் தண்ணீர் இல்லாமல் அங்கேயே கிடந்தேன்.

மறுநாள் மத்தியானம் சரவணன் போன் செய்தான். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி கேட்கிறாள் என்றான். அடுத்த பஸ்ஸில் போனேன். அவளை வார்டுக்கு மாற்றும்வரை வெளியிலேயே காத்திருந்தேன். பிறகு, தாமலிலிருந்து வந்திருந்த அவள் அப்பா அம்மா எதிரில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, நான் பேசியது பாவம், என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். கயல் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு சொன்னாள்.

"நோம்பன்னைக்கு நீங்க சமையல்கட்டுலயே நின்னுக்கினு கீறீங்க அத்த. அம்மனப் பாக்கவே மாட்டன்றீங்க. ஷோகேஸ்ல இருந்தா தெனம் போவும்போது வரும்போதாவது பாப்பீங்களேன்னுதான் வெச்சேன்."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. எனக்காக வைத்ததை வைத்தே நான் அவளைக் குத்தியிருக்கிறேன். அன்றைக்கு அழுத அழுகை என் வீட்டுக்காரர் போனபோதுகூட அழவில்லை.

இந்த வருஷ நோன்புக்குக் கயல் வாசற்படியில் அம்மனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மனை இரண்டு பேராகப் பிடித்து உள்ளே அழைத்து வருவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண் கை நீட்டினாள். கயல் கொடுக்கவில்லை. சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கை மாவைக் கழுவிக்கொண்டு வந்து மறுபக்கம் பிடிக்கும்வரை அவள் படி தாண்டவில்லை.

பூஜைக்கு முன் என்னிடம் ஒன்று கேட்டாள். பீரோவில் ஒளித்து வைத்திருந்த வளைகாப்பு வளையல்கள். எடுத்து வந்து கொடுத்தேன். அவள் வாங்கி, ஒவ்வொன்றாக அம்மன் கையில் பூட்டினாள்.

போன உயிர் வரவில்லை. இனி ஒரு பிள்ளை உண்டா என்பதும் தெரியாது. ஆனால் நான் கேட்ட உயிரை அம்மன் எனக்குத் திருப்பித் தந்தாள். விலகி நிற்கிற சகோதரிகளே, பொட்டு இல்லை, பிள்ளை இல்லை, பாவம் செய்துவிட்டேன் என்று சமையல்கட்டிலேயே நிற்காதீர்கள். எதிரில் வந்து கேளுங்கள். அவள் தள்ளமாட்டாள்.

எங்கள் அம்மன் இந்த வருஷமும் அரிசிப் பானைக்குப் போகவில்லை. அரிசியும் குறையவில்லை. கூடத்தில்தான் இருக்கிறாள், என் பேத்திக்காக வாங்கின வளையல்களோடு.