தூங்கவிடாத பெண்

டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இரவில் எனக்குத் தூக்கமில்லை. படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊரும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். தஞ்சாவூரில் டயாலிசிஸ் முடித்துக் குடவாசல் திரும்பும் பஸ்ஸில்தான் கொஞ்சம் கண்ணயர்வேன்.

அன்று பக்கத்து சீட்டிலிருந்த பெண், டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். அதன்பின் நான் கண்ணயரும்போதெல்லாம் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"கோச்சுக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரும் டயாலிசிஸ் முடிஞ்சு பஸ்ல இப்படித்தான் தூங்குனாரு. பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன். நாகூர் வந்ததும் எழுப்புனேன், எந்திரிக்கல."

வீட்டில் நான் கண்ணை மூடினாலே என் மகள் வந்து தொட்டு, "ஃபேனைக் கூட்டி வைக்கவாம்மா?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவள் எதற்காகத் தொடுகிறாள் என்பது அன்று அந்த பஸ்ஸில்தான் புரிந்தது.