லூயி சாரும் பின்தெருக் குழாயும்

லூயி இறந்த செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தபோது இடைவேளை முடிந்து மணி அடித்திருந்தது. டிரில் மாஸ்டர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "நம்ம லூயி போயிட்டான்யா. மாரடைப்பாம். ரெட்டியார்பாளையம் வீட்டுலதான் வச்சிருக்காங்க" என்றார். உடனே ஒருவர் கேட்டார்: "அப்போ அவரு பீரியட யாருக்குப் போடுவாங்க?" அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். லூயிக்கு என்னைவிடச் சில வயதுதான் கூடுதல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அண்ணன்கள் பாரீஸில். இவர் மட்டும் நெல்லித்தோப்பில், எங்கள் பள்ளியில், சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை சேவை நாள் உண்டு. முந்தின சாயங்காலமே வாட்ச்மேன் ஒரு சாக்கு நிறையச் சருகு கொண்டுபோய்த் தெருவில் கொட்டிவிடுவார். காலையில் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பெருக்குவார்கள். போட்டோ எடுப்போம். சருகு மறுபடி சாக்குக்குள் போகும். இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. லூயி வந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிடம், "இந்தத் தடவ என்ன செய்யலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் கத்தினார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் ஜெயந்தி என்ற பெண் எழுந்து, "தெருவுல இருக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களையே கேப்போம் சார்" என்றாள்.

கேட்கப் போனார்கள். பள்ளிக்குப் பின்தெருவில் வாசலில் இட்லி விற்கும் அஞ்சலை அக்கா பிடித்துக்கொண்டார். "எங்க தெருவப் பெருக்க என்னாத்துக்கு வரீங்க? உங்க இஸ்கூல் கக்கூஸ் தண்ணிதான் எங்க வாசல்ல ஓடுது. அத நிறுத்துங்க, நாங்களே பெருக்கிக்கிறோம்."

பிள்ளைகள் நம்பவில்லை. தங்கள் பள்ளி அப்படிச் செய்யுமா? ஒரு பையன் சொட்டுநீலப் பாட்டில்களை வாங்கிவந்து பள்ளிக் கழிப்பறையில் ஊற்றினான். மற்றவர்கள் பின்தெருவில் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அஞ்சலை அக்கா வாசல் சாக்கடை நீலமாக ஓடியது. "சார், நம்மளுதுதான் சார்!" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தது ஆசிரியர் அறைவரை கேட்டது. பெரியவர்கள் சொல்லிச் செய்யும் சேவையில் பெரியவர்களின் அழுக்கு ஒருநாளும் அகப்படாது. அன்றைக்கு அகப்பட்டது.

டிரில் மாஸ்டர் சீண்டினார்: "ஏன்டா லூயி, பாரீஸுல சாக்கடையே இல்லியா? அங்க போய் மோந்து பாக்க வேண்டியதுதானே?"

"இருக்கும்ண்ணே. ஆனா அது என் இஸ்கூல் சாக்கடை இல்லியே."

பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். குழாய் எங்கே தொடங்குகிறது, யார் வீட்டு வாசலில் முடிகிறது, அவ்வளவுதான் படம். தாளாளர் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "இது சேவையா, இல்ல காட்டிக்கொடுக்கிறதா?"

லூயி சொன்னார்: "பசங்க தப்பாக் கண்டுபிடிச்சிருந்தா திருத்தலாம் சார். சரியாக் கண்டுபிடிச்சத மறைக்கச் சொல்லாதீங்க."

"மத்தவங்க என்ன சொல்றீங்க?" என்றார் தாளாளர். மற்றவர்கள் என்றால் நாங்கள். பெண்ணுரிமை, சமத்துவம் என்று வகுப்பில் முழங்குகிறவர்கள். யூனியன் கூட்டத்தில் மேசையைத் தட்டுகிறவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படம் இறங்கியது. அந்த இடத்தில் தெர்மாகோலில் செய்த ஒரு தூய்மையான கிராமம் வந்தது. அதற்கு முதல் பரிசும் வந்தது. பக்கத்தில் நிற்கவைத்த ஜெயந்தியிடம் நடுவர், "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "எங்களுக்குத் தெரியாது சார். நாங்க போனதில்ல" என்றாள் அவள். எங்களில் சிலர் சிரித்தோம், நடுவரும் சிரித்தார். லூயி மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் பள்ளி மண்டபத்தில் இரங்கல் கூட்டம். சிறந்த சேவைத் திட்டத்துக்கு இனி ஆண்டுதோறும் லூயி பெயரில் கோப்பை என்று தாளாளர் அறிவித்தார். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து கை தட்டினோம். பின்வரிசையில் அஞ்சலை அக்கா எழுந்து நின்றார்.

"கப்பு குடுக்கிறது நல்லதுதான். கொழாய எப்ப அடைக்கப் போறீங்க?"

"அம்மா, இது அஞ்சலிக் கூட்டம்."

"தெரியும் சார். நானும் அதுக்குத்தான் வந்தேன்."

மேடையிலிருந்து பதில் இல்லை. எங்கள் வரிசையிலிருந்தும் இல்லை. அக்கா சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

லூயியின் பொறுமை என்னிடம் தங்கிவிட்டது, துணிவு தங்கிவிட்டது என்றெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடம் தங்கியிருப்பது வேறு. "மத்தவங்க என்ன சொல்றீங்க?" என்று அன்றைக்குத் தாளாளர் கேட்டதும் லூயி எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ ஏளனமோ இருந்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன். எங்களில் யாராவது ஒருவர் பேசிவிடுவார் என்று அவர் நிஜமாகவே நம்பினார். என்னைப் பார்த்தபோதும் அப்படித்தான் பார்த்தார்.