சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

என் கணவரின் அக்காவை இந்தத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பால்காரம்மா என்றால்தான் தெரியும். மாடு வளர்த்துப் பால் ஊற்றிய காலத்தில் வந்த பெயர். கடைசிப் பசுவைச் சாகும்வரை வைத்துப் பார்த்துவிட்டு, இனி பாலையே தொடுவதில்லை என்று முடிவெடுத்து, சொட்டுப் பால்கூட இல்லாத டீக்கடை வைத்து வருஷக்கணக்காகிறது. அப்படியும் பெயர் போகவில்லை. "பால்காரம்மா, பால் இல்லாம ஒரு டீ" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவனை என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அண்ணி என்று கூப்பிடும் அவரோ டீயைக் கொடுத்துவிட்டு அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பார்.

கடையில் நாங்கள் இரண்டே பேர். வேர்க்கடலையை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுப்பது என் வேலை. மிக்சிச் சத்தத்தில் பாதிக் காது போனதுதான் நான் கண்ட லாபம். வாசலில் பலகை தொங்குகிறது. பால், முட்டை, இறைச்சி, தேன் கிடையாது என்று மேலே பெயின்டர் எழுதியது. அதன் கீழே அண்ணி தன் கையாலேயே எழுதிச் சேர்த்தது: யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த இரண்டாவது வரிதான் எனக்குத் தலைவலி.

யார் வேண்டுமானாலும் என்றால் சும்மாவா வருவார்கள்? ஒருவர் சட்டைப்பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து எங்கள் மேசையிலேயே தட்டி உடைப்பார். இன்னொருவர் தோல் பை வியாபாரி. சரக்கை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு சாப்பிடுவார். இவர்களையெல்லாம் விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவர் தரகர்.

தரகர் தினமும் வருவார். பால் சேர்க்காத கட்டன் டீ கேட்பார். பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து, அதிலிருக்கும் பசும்பாலை எங்கள் டீயில் ஊற்றிக் கலக்குவார். என்ன தரகர் என்று கேட்கிறீர்களா? கன்றுக்குட்டித் தரகர். அண்ணி மாடு வைத்திருந்தபோது, காளைக்கன்று பிறந்தால் வந்து ஓட்டிக்கொண்டு போனவர் இதே மனிதர்தான். அது எங்கே போகும் என்று அண்ணிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாய்ப்பசு கத்துகிற சத்தம் தாங்காமல் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தவர் அண்ணி.

"அந்த ஆளுக்கு எதுக்கு அண்ணி டீ?" என்று கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன்.

"அடுப்புல என்ன ஏறணும்னு நான் சொல்லலாம். அவர் வாயில என்ன போகணும்னு நான் எப்படிச் சொல்றது?" என்பார்.

பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. டம்ளர் கழுவுவது நானல்லவா? மற்ற டம்ளர்களோடு சேரக்கூடாது என்று ஒன்றை ஒதுக்கி, அதன் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தேன். தரகருக்கு அது மட்டும்தான். தனி நார், தனி அலமாரி. அந்த மனிதருக்கு ராஜ மரியாதை என்று தெருவே கேலி செய்தது.

கடை ஓடுவது விடுமுறை நாள்களில் வரும் ஒரு கூட்டத்தால். ஆபீஸ் போகிற பிள்ளைகள், எல்லோரும் வீகன், பால்கூடத் தொடாதவர்கள். நாலு மேசையையும் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார்கள். அவர்கள் வராவிட்டால் நாங்கள் ஈ ஓட்டவேண்டியதுதான்.

அன்றைக்கும் வந்தார்கள். தரகரும் மூலையில் இருந்தார், இன்னும் டீ கேட்கவில்லை. டம்ளர் பற்றாமல் போகவே, எந்த அலமாரி என்று பார்க்காமல் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த கண்ணாடிக்காரப் பெண் டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். எதிரே இருந்தவன் அடியைப் பார்த்துவிட்டான்.

"இது என்னக்கா சிவப்பா?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "ஐயோ, அது பால் டம்ளராச்சே!" என்று உளறிவிட்டேன். அப்புறம் குட்டு முழுக்க வெளியே வந்தது. பாட்டில், தரகர், அவர் செய்யும் தொழில் எல்லாம். அந்தப் பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அம்மா, உங்களை நம்பித்தானே இங்க வர்றோம்? கன்னுக்குட்டியை அறுப்புக்கு அனுப்புற ஆளை உக்காரவெச்சு டீ குடுக்குறீங்க. ஒண்ணு அவர் வரணும், இல்ல நாங்க வரணும். நீங்களே சொல்லிடுங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் கத்தியதை இப்போது பத்துப் பேர் சேர்ந்து கத்துகிறார்கள். தரகர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் போறேம்மா. என்னால உங்க பொழப்பு கெட வேணாம்."

"உக்காருங்க தரகரே." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் வந்தார். "டம்ளர் மாறினது தப்பும்மா. மன்னிச்சிடு. இனி அவர் டம்ளரை என் கையிலயே வெச்சுக்கறேன். ஆனா அவரை வெளிய அனுப்ப முடியாது. அவர் வந்து திருடிட்டுப் போகல. நான் கூப்பிட்டு வித்தேன். வித்தவ அடுப்புகிட்ட நிப்பேன், வாங்கினவர் மட்டும் தெருவுல நிக்கணுமா?"

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதிப் பேர் பின்னாலேயே போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிக் கடை நடந்து போகிறது, இந்த அம்மாவோ சிவப்புப் பொட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

தரகர் தலை குனிந்திருந்தார். அண்ணி டீயை அவர் முன் வைத்தார். "கடைசியா ஓட்டிட்டுப் போனீங்களே, நெத்தியில வெள்ளையா ஒரு கன்னு. வாசல் வரைக்கும் வந்து திரும்பித் திரும்பிப் பாத்துச்சே. ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்லம்மா. எத்தனையோ கன்னு. எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எல்லாமே ஞாபகம் இருக்கு. அதுங்களைப் பாத்தவங்க நீங்களும் நானும்தான். வேற யார்கிட்ட பேசுவேன்?" அண்ணி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "தினமும் வாங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்."

தரகர் பாட்டிலைத் திறக்கவில்லை. டீயையும் முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார். ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன். இப்படிக் கேட்டபிறகு எந்த மனிதன் திரும்பி வருவான்?

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான மூலையில் உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணி டீ கொண்டுவந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு எந்தக் கன்னும்மா?"

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் மிக்சியை நிறுத்தினேன்.